எல்லாப் பேச்சும் போன பிறகு மிஞ்சிய ஐந்தெழுத்து

என் கணவரின் பேச்சு நின்றுபோனது ஒரு வைகாசி மாதத்துக் காலையில். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விடும் முறை அன்றைக்கு எங்களுக்கு. வெள்ளனவே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனவர், காலைச் சாப்பாட்டு நேரம் கடந்தும் திரும்பவில்லை. தேத்தண்ணீரும் புட்டும் எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். வாய்க்கால் வரம்பில் சரிந்து கிடந்தார். வலது கால் தண்ணீருக்குள் கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் மட்டும் வரவில்லை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வயலில் நின்ற என் தம்பி ஓடி வந்தான். இரண்டு பேருமாகத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். வழி முழுவதும் அவருடைய இடது கை என் சேலையைப் பிடித்தபடியே இருந்தது. வலது கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகு டாக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“அம்மா, மூளையிலை கதைக்கிற இடம் பழுதாப்போச்சு. நீங்கள் சொல்லுறது அவருக்கு விளங்கும். ஆனா திருப்பிக் கதைக்க மாட்டார். மெல்ல மெல்ல வரலாம். வராமலும் விடலாம். மனதைத் திடப்படுத்துங்கோ.”

எதைத் திடப்படுத்துவது? என் தலையில் இடி விழுந்திருந்தது.

நான் ஒரு வாய்க்காரி. இதை வாசிக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்கு அது நன்றாகவே தெரியும். அவர் எனக்கு நேர் எதிர். நான் நூறு கேட்டால் அவர் ஒன்று சொல்வார். அந்த ஒன்றுக்காகவே நான் அவ்வளவும் கேட்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. வயலால் வந்து படலையைத் திறக்கும்போதே, “இஞ்சேருமப்பா…” என்று நீட்டிக் கூப்பிடுவார். நடுவில் மேலே போய்க் கடைசியில் தணியும் ஒரு மெட்டு அது. நான் குசினிக்குள் நின்றாலும் கிணற்றடியில் நின்றாலும் “ஓம், வாறன்” என்பேன். எதற்குக் கூப்பிட்டார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. வந்துவிட்டேன் என்பதற்கு அது அவருடைய பாஷை.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் கடவுளிடம் கேட்டது இவ்வளவுதான். காலைத் தா, கையைத் தா என்று நான் கேட்கவில்லை. “பிள்ளையாரப்பா, ஒருக்கால் இவர் என்னைப் பழையபடி கூப்பிட வேணும். அந்தச் சத்தத்தை ஒரேயொருக்காக் கேட்டாக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்.” இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதேன். எங்கள் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தேன்.

அவருக்கும் ‘நமசிவாய’ என்ற ஐந்தெழுத்துக்கும் இருந்த உறவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

என் அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை இந்தக் குளத்தின் கீழே காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். எங்கள் வீட்டார் சைவப்பழங்கள். தீட்சை கேட்ட மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, குளித்துத் திருநீறு பூசி அனுட்டானம் பார்க்கும்போது மனதுக்குள்தான் சொல்ல வேண்டும் என்று எங்களை வளர்த்தார்கள். அவரும் சின்ன வயதில் தீட்சை பெற்றவர்தான். ஆனால் கலியாணம் செய்த காலத்தில் கோவிலுக்குத் திருவிழாவோடு சரி. யுத்தத்தின் கடைசியில் எங்கள் மூத்த மகனை ஷெல்லுக்குப் பறிகொடுத்தோம். அவனை ஒரு மண் மேட்டுக்குள் வைத்துவிட்டு முகாமுக்குள் வந்து சேர்ந்தோம். அங்கே தண்ணீருக்கு நின்ற வரிசையில்தான் இவர் வாய் முதன்முதலாக முணுமுணுத்ததைக் கண்டேன். நமசிவாய, நமசிவாய. மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அது அவருடைய வேலையோடு ஒட்டிக்கொண்டது. மண்வெட்டி நிலத்தில் விழும்போது ஒரு நமசிவாய. வரம்பை வெட்டித் தண்ணீர் பாயும்போது ஒன்று. மாட்டுக்கு வைக்கோல் போடும்போது, சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது, பல்லுத் தீட்டும்போதுகூட. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“தீட்சை மந்திரத்தைச் சேத்துக்குள்ளை நிண்டு சத்தம் போட்டுச் சொல்லலாமே? குளிச்சுப்போட்டுச் சாமியறைக்குள்ளை இருந்து சொல்லுங்கோவன்.”

“சேத்துக்குள்ளை நிக்கேக்கைதானப்பா மனம் கண்டபடி ஓடுது. சாமியறைக்குள்ளை அது சும்மாதானே இருக்கு” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. நானும் விட்டுவிடுவேன். அவரோடு சண்டை பிடிப்பது சுவரோடு சண்டை பிடிப்பது மாதிரி.

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் கட்டில் போட்டோம். வவுனியாவில் குடும்பமாக இருக்கும் மகள் கௌரி முதல் நாட்களில் வந்து நின்றாள். பிறகு அவளுக்கும் தன் வீட்டைப் பார்க்க வேண்டுமே. நானும் அவரும்தான். உணவு ஊட்டினேன். குளிப்பாட்டினேன். மல சலம் எடுத்தேன். அதெல்லாம் பாரமில்லை. அந்த அமைதிதான் பாரம். வீடு முழுவதும் என் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கே என் குரலைக் கேட்க வெறுப்பாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் சூடு கூடிவிட்டது போலும். அவர் முகத்தை வெடுக்கென்று திருப்பினார். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது.

“நமசிவாய!”

தெளிவாக வந்தது. ஒரு எழுத்தும் குழறவில்லை. சட்டியை அப்படியே விட்டுவிட்டு வேலியடிக்கு ஓடினேன். “தவமணியக்கா! கதைச்சிட்டார்! இவர் கதைச்சிட்டார்!” அயல் வீட்டுத் தவமணி அக்கா ஓடி வந்தா. கௌரிக்குப் போன் எடுத்து அழுதேன். பிள்ளையார் கேட்டுவிட்டார் என்றேன். இனி எல்லாம் ஒவ்வொன்றாக வரும் என்றேன்.

அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டேன். “தண்ணி வேணுமோ?”

“நமசிவாய.”

“கௌரி போனிலை நிக்கிறாள். கௌரி எண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

“நமசிவாய.”

“என்னைத் தெரியுதே? என்னைக் கூப்பிடுங்கோவன்.”

அவர் என்னைப் பார்த்தார். உதடு நடுங்கியது. எவ்வளவோ முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “நமசிவாய” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. தான் சொல்ல நினைத்தது வேறு, வாய் சொன்னது வேறு என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அன்றைக்கு நான் உடைந்த மாதிரி, வாய்க்கால் வரம்பில் அவரைக் கண்ட நாளிலும் உடையவில்லை. நான் கேட்டது என்ன, கடவுள் தந்தது என்ன? மனிசன் என்னைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். கடவுளோ தன்னுடைய பெயரை மட்டும் அந்த வாயில் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டார். உனக்கு உன் பெயர் போதும், எனக்கு என்ன மிச்சம் என்று சாமிப்படத்துக்கு முன் நின்று கேட்டேன். சாமியறைக் கதவைச் சாத்தினேன். விளக்கு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டுப்பிரார்த்தனைக்கும் போகவில்லை. உங்களில் பலர் வந்து கூப்பிட்டீர்கள். நான் சாட்டுச் சொல்லி அனுப்பினேன்.

கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளையிடம் விட்டார்கள். இளம் பெட்டை. பொறுமையான பிள்ளை. அவருடன் நெடுநேரம் இருந்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

“அம்மா, இது அவர் யோசிச்சுச் சொல்லுறதில்லை. காலம் காலமாச் சொல்லிப் பழகினது மூளையிலை வேறை இடத்திலை கிடக்கும். அது தப்பியிட்டுது. சிலபேருக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ண மட்டும் வரும். சிலபேருக்குப் பாட்டு வரும். இன்னும் சிலபேருக்குத் தூஷணம் மட்டும்தான் வரும், பாவம், வீட்டுக்காரர் வெளியிலை தலைகாட்டேலாது. உங்கடை ஐயாவுக்கு இது மிஞ்சியிருக்கு.”

“இதை வைச்சு நான் என்ன செய்யிறது பிள்ளை?”

“விடாதேங்கோ. நீங்களும் கூட இருந்து சேர்ந்து சொல்லுங்கோ. ஏத்தி இறக்கிச் சொல்லுங்கோ. அவரும் ஏத்தி இறக்கப் பழகுவார். மிச்சத்தைப் பிறகு பாப்பம்.”

வீட்டுக்கு வந்து நான் அதைச் செய்யவில்லை. மனம் வரவில்லை.

இதற்கிடையில் தவமணி அக்காவின் வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் கதை பரவிவிட்டது. பேச்சு அடங்கிய மனிசனின் வாயில் ஐந்தெழுத்து மட்டும் நிற்கிறதாம். ஆருக்குக் கிடைக்கும் இந்தப் பேறு? அவர் சித்தராகிவிட்டார் என்றார்கள். ஆவணி மாதத்தில் சனம் வரத் தொடங்கியது. ஓமந்தைப் பக்கமிருந்து ஒரு வான் வண்டியில் வந்தார்கள். வாழைப்பழம், வெற்றிலை, கற்பூரம், தேசிக்காய் மாலை. விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் விழுந்தார்கள். “ஐயா, ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கை கூப்பிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு நாள் வீடு நிறையச் சனம். அவர் முகம் சிவந்து, “நமசிவாய! நமசிவாய!” என்று உரத்த குரலில் சொன்னார். எல்லோரும் “சிவ சிவா” என்று தலைக்கு மேல் கை குவித்தார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். எனக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கு அவசரமாகச் சலம் வந்திருந்தது. “எல்லாரும் வெளியாலை போங்கோ! அவர் ஒண்டுக்குப் போகோணும்!” என்று கத்திச் சனத்தைப் படலைக்கு வெளியே தள்ளினேன். திரும்பி வந்து போத்தலைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணிய வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வெடித்தது. இவர்களுக்கு ஒரு சாமி கிடைத்துவிட்டது. எனக்கு மனிசனைக் காணவில்லை.

வருகிற எல்லோரையும் படலையிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கினேன். அப்படித்தான் ஒரு நாள் ஒரு இளம் பெண் வந்தாள். பளைப் பக்கம் என்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நடக்கிற வயது கடந்தும் வாய் திறக்காத பிள்ளை.

“அக்கா, காட்டாத டாக்குத்தர் இல்லை. ஐயா இவளின்ரை தலையிலை கை வைச்சு ஒருக்காச் சொன்னாக் காணும். நான் போயிடுவன்.”

“அவர் சாமியில்லை பிள்ளை. வருத்தக்காரன். அவரே கதைக்கேலாமல் கிடக்கிறார்” என்றேன்.

“தெரியும் அக்கா. அதுதான் வந்தனான்” என்றாள்.

அந்தச் சொல் என்னைக் குத்தியது. வழி விட்டேன். அவள் காலில் விழவில்லை. குழந்தையைக் கட்டில் விளிம்பில் இருத்தினாள். குழந்தை அவருடைய தாடியைப் பிடித்து இழுத்தது. அவர் தன்னுடைய நல்ல கையைத் தூக்கிக் குழந்தையின் தலையில் வைத்தார். மெல்லக் குனிந்து சொன்னார்.

“நமசிவாய?”

கேள்வியாகச் சொன்னார். அந்த மெட்டு எனக்குத் தெரியும். எங்கள் மகன் சின்னவனாக இருந்தபோது, விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தால், இவர் குனிந்து “என்ன மோனை?” என்று கேட்பார். அதே இழுப்பு. அதே இரக்கம். சொல் மாறியிருந்தது, மெட்டு மாறவில்லை. மகனைப் புதைத்த நாளுக்குப் பிறகு நான் கேட்டிராத மெட்டு.

அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வரவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வந்திருக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது, அவ்வளவுதான். எனக்குக் கிடைத்ததைத்தான் நான் சொல்ல முடியும். இவ்வளவு நாளும் நான் அந்தச் சொல்லைத்தான் கேட்டேன், அதைச் சொன்ன மனிசனைக் கேட்கவில்லை. அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர்கள் போன பிறகு சாமியறைக் கதவைத் திறந்தேன். ஒட்டடை அடித்து, விளக்கைப் புளி போட்டு மினுக்கி ஏற்றினேன். பிறகு விறாந்தைக்கு வந்து அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

“நமசிவாய” என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். தீட்சை மந்திரத்தைக் குளிக்காமல், வாய்விட்டு, குசினிக் கரி படிந்த கையோடு சொல்கிறேனே என்று நினைத்திருப்பார். “நமசிவாய” என்றார் அவரும். கொஞ்சம் நக்கலாகத்தான் சொன்னார்.

அன்று தொடங்கியது. காலையில் தேத்தண்ணீர் குடித்த பிறகும் பின்னேரம் விளக்கு வைத்த பிறகும் இருவரும் சேர்ந்து சொன்னோம். மூச்சை இழுத்து, மூச்சை விட்டு, அவசரப்படாமல். முதலில் அவருக்குப் பயிற்சி என்று நினைத்துத்தான் செய்தேன். என் மனமும் இலேசில் அடங்கவில்லை. மாடு கத்தினால் மாட்டிடம் ஓடும். கறி அடிப்பிடிக்குமோ என்று ஓடும். அவர் மட்டும் அசையாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் விட்ட இடத்தில் அவருடைய குரல் நிற்கும். வந்து அதைப் பிடித்துக்கொள்வேன்.

மிச்ச நேரத்தில் அவருடைய ஒவ்வொரு நமசிவாயவையும் காது கொடுத்துக் கேட்டேன். கட்டையாக விழுந்தால் பசி. இரண்டாம் முறை குரல் எழும்பினால் முதுகு நோகிறது. மூக்கால் வந்தால், நான் வைத்த கறியில் உப்புக் காணாது. பின்னேரம் படலையைப் பார்த்துக்கொண்டு காற்றாகச் சொன்னால் அது மகன். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

தியானம் என்றால் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, மனதை வெறுமையாக்கி இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இருக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது வாய்க்கவில்லை. ஒரு சொல்லை நாள் முழுக்கக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்கு வாய்த்தது. கேட்டுக் கேட்டு நான் பேசுவது குறைந்தது. என் வாய் அடங்கியது என்று சொன்னால் தவமணி அக்கா நம்பமாட்டா. ஆனால் உண்மை.

புரட்டாசி மாதம். தம்பி எங்கள் வயலையும் சேர்த்து வெட்டி, நெல்லைக் கொண்டுவந்து முற்றத்தில் காயப் போட்டிருந்தான். மத்தியானம் கழிந்த நேரம். அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சுள்ளென்று எறித்தது. திடீரென்று வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்.

“நமசிவாயா…”

நீட்டி, நடுவில் மேலே போய், கடைசியில் தணிந்த குரல்.

“ஓம், வாறன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன், எதற்குப் பதில் சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. கையிலிருந்த வாளி நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. அது படலையடியிலிருந்து கூப்பிடும் குரல். இத்தனை வருடமும் நான் கேட்ட குரல். “இஞ்சேருமப்பா” என்பதன் ஒரு மேடு பள்ளமும் பிசகாமல் அப்படியே இருந்தது.

ஈரக் கையோடு ஓடினேன். “என்ன? என்னப்பா?” அவர் நல்ல கையால் வானத்தைக் காட்டினார். தெற்கே கருமுகில் திரண்டு வந்துகொண்டிருந்தது. பிறகு முற்றத்து நெல்லைக் காட்டினார். அவ்வளவுதான். மழை வருகிறது, நெல்லு நனையப்போகிறது என்று சொல்லத்தான் மனிசன் கூப்பிட்டிருக்கிறார்.

நான் அழுதுகொண்டே நெல்லைக் கூட்டினேன். அழுதுகொண்டே படங்கை இழுத்து மூடினேன். அவர் கதிரையிலிருந்து “நமசிவாய! நமசிவாய!” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அங்கே மூடு, இந்தப் பக்கம் கல்லை வை, கெதியாகச் செய் என்று. மழை பிடித்துக்கொண்டது. நான் தெப்பமாக நனைந்து வந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கேட்டதைத் தந்துவிட்டாய் பிள்ளையாரப்பா என்றேன். ஒருக்கால் என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார்.

அப்படியே காலம் போயிருக்கலாம். போகவில்லை.

மார்கழியில் அவருக்கு மறுபடியும் வாதம் அடித்தது. இந்த முறை விழுங்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் இன சனத்தோடு வைத்திருங்கள் என்று தன்மையாகச் சொன்னார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். விறாந்தையில் அதே கட்டிலில் கிடத்தினோம். கௌரி காலடியில் இருந்தாள்.

எங்கள் சைவ வழக்கத்தில் உயிர் பிரிகிற நேரம் காதுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்ல வேண்டும். கடைசி நினைவு அதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக. அன்று காலை தம்பி குளித்து, திருநீறு பூசி, அவருடைய வலது காதுக்குள் குனிந்து நமசிவாய, நமசிவாய என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. புருவம் சுருங்கியபடியே இருந்தது. இடது கை படுக்கையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் இன்னும் பலமாகச் சொன்னார்கள். கை இன்னும் பதறியது.

எனக்கு விளங்கியது.

“கொஞ்சம் விலகு தம்பி” என்றேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் காதுக்குள் குனிந்தேன்.

“இஞ்சேருங்கோப்பா. வயலிலை கதிர் வந்திட்டுது. தண்ணி காணும், நான் போய்ப் பாத்தனான். வரம்பெல்லாம் கட்டியாச்சு. மாடு கண்டு போட்டிட்டுது, நாகுக்கண்டு. கௌரி வந்து நிக்கிறாள், சாப்பிட்டவள். நானும் சாப்பிட்டனான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னக்கா இது? இந்த நேரத்திலை வயலும் மாடுமே? மந்திரத்தைச் சொல்லுங்கோ.”

“அவரிட்டை மந்திரம் இருக்கடா. கதைதான் இல்லை” என்றேன்.

மறுபடியும் குனிந்து சொன்னேன். தவமணி அக்கா வேலியால் ஆட்களைப் புதினம் பார்க்கிறதைச் சொன்னேன். கிணற்றில் விழுந்த வாளியை எடுத்ததைச் சொன்னேன். மகனைப் பற்றிச் சொன்னேன். முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற நாளிலிருந்து நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாத அவன் பெயரை, அவர் காதுக்குள் சொன்னேன். அவன் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான், பயப்படாமல் போங்கோ என்றேன். அவருடைய புருவம் மெல்ல விரிந்தது. கை அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“நமசிவாய” என்றார்.

சுற்றி நின்றவர்கள் கை குவித்தார்கள். கடைசி வார்த்தையும் ஐந்தெழுத்தாகவே வந்தது, பெரிய புண்ணியவான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நான் கேட்டது வேறு. வயலுக்குப் போகும்போது படலையடியில் நின்று, திரும்பிப் பார்த்து, “போட்டு வாறனப்பா” என்பாரே, அந்த மெட்டு.

“ஓம், போட்டு வாங்கோ” என்றேன்.

போய்விட்டார்.

அழாதே, அவருக்கு மோட்சம் என்று பலபேர் ஆறுதல் சொன்னார்கள். நான் அழுதேன். இப்போதும் அழுகிறேன். பின்னேரத்தில் படலை காற்றுக்கு ஆடினால் நெஞ்சு திடுக்கிடுகிறது. கடவுள் கேட்டதைக் கொடுத்தால் துக்கம் இல்லாமல் போகும் என்று எவராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். துக்கம் இருக்கிறது. நன்றியும் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டிலில்தான் கிடக்கின்றன.

கூட்டுப்பிரார்த்தனைக்கு வருகிற நீங்கள், என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். எனக்குப் பெரிய தத்துவம் தெரியாது. ஒன்றுதான் சொல்வேன். குளித்துவிட்டு, வேலை எல்லாம் முடித்துவிட்டு, மனம் அமைதியாக இருக்கும்போது சொல்லலாம் என்று மந்திரத்தை ஒதுக்கி வைக்காதீர்கள். அப்படி ஒரு நேரம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. அடுப்படியில் சொல்லுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லுங்கள். பிள்ளையோடு கோபம் வரும்போது சொல்லுங்கள். சொல்லிப் பழகிய வாயைக் கடவுள் கைவிடமாட்டார். எல்லாம் போனாலும் அதை மிச்சம் வைப்பார், அதற்குள் மற்றதெல்லாவற்றையும் வைத்துத் தருவார். நான் கண்ணால் கண்டது இது. உங்கள் வீட்டில் வருத்தத்தில் கிடப்பவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதுவும் பூசைதான்.

வயலை நான் விடவில்லை. தம்பி உதவி செய்கிறான். முறைத் தண்ணீர் வருகிற காலையில் மண்வெட்டியோடு நானே போகிறேன். அவர் விழுந்த அதே வரம்பில், சேற்றுக்குள் நின்று, வாய்விட்டுச் சொல்கிறேன். சுற்றிலும் ஆள் இல்லாவிட்டால் நீட்டியும் சொல்வேன், நடுவில் மேலே ஏற்றி, கடைசியில் தணித்து.

“நமசிவாயா…”

யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாள் தம்பி கேட்டான். இரண்டு பேரையும்தான் என்றேன்.